பெங்களூருவில் ஃப்ரீ ஜாஸ், இம்ப்ரோவ் கச்சேரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் ஏழு வருஷம் மிருதங்கம் கற்றேன். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் நடக்கும் ஃப்ரீ ஜாஸ், இம்ப்ரோவ் கச்சேரிகளுக்கு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். சிலவற்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்தியும் இருக்கிறேன். சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், சபாவில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள் என்று தமிழ் பேசும் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இம்ப்ரோவ் என்றால் என்ன? ஜாஸும் அதுவும் ஒன்றா?

இம்ப்ரோவ் என்பது ‘இம்ப்ரோவைசேஷன்’ என்பதன் சுருக்கம், முன்கூட்டித் தீர்மானிக்காமல் அந்த நேரத்தில் உருவாக்கி வாசிப்பது. ஜாஸும் அதுவும் ஒரே குடும்பம், வேறு வேறு பிள்ளைகள்.

வழக்கமான ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும், அதற்கு அடியில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வரிசை ஓடும். முதலில் எல்லோரும் மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தக் கார்ட்ஸ் மேலே கற்பனையாக வாசித்துவிட்டு, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். சரணத்தில் ஒரு வரியை எடுத்து நிரவல், ஸ்வரம் எல்லாம் பாடிவிட்டு மறுபடி பல்லவிக்கு வருகிற மாதிரிதான்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சிலர் இந்தக் கார்ட்ஸ் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். சாக்ஸபோன் வாசித்த ஆர்னெட் கோல்மன் 1959-இல் நியூயார்க்கில் மேடையேறியபோது, ஜாஸ் உலகமே அவரைக் கொண்டாடுபவர்கள், கோபப்படுபவர்கள் என்று இரண்டாகப் பிரிந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் எட்டுப் பேரை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார். இடது ஸ்பீக்கரில் நாலு பேர், வலது ஸ்பீக்கரில் நாலு பேர். நடுவில் சில சின்ன வாக்கியங்கள்தான் முன்கூட்டியே தீர்மானித்தவை. மற்றதெல்லாம் அந்த நிமிஷத்தில் பிறந்தது. 37 நிமிஷம் நிற்காமல் ஓடும். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற அந்தத் தட்டின் பெயரே இந்த வகைக்கும் பெயராகிவிட்டது.

1960-களின் நடுவில் லண்டனிலும் ஜெர்மனியிலும் இருந்தவர்கள் இன்னும் ஓர் அடி போனார்கள். ஸ்விங் வேண்டாம், ப்ளூஸ் வேண்டாம், ஜாஸ் மாதிரி கேட்கவே வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் வாசிப்பது மட்டும் போதும் என்றார்கள். அதைத்தான் இன்று இம்ப்ரோவ் என்கிறோம். பெங்களூருவில் ஒரே மாலையில் இரண்டும் கலந்து வரும்.

அப்படியென்றால் கைக்கு வந்ததை வாசிப்பதுதானே?

என் அத்தை பையன் கேட்ட கேள்வி இது. கைக்கு வந்ததை வாசித்தால் அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்: ஆளாளுக்குத் தனித்தனியாக ஓடிக்கொண்டிருப்பார்கள், யாருடைய வாசிப்பும் யாரையும் தொடாது. அப்படிப்பட்ட கச்சேரிகளும் நடக்கின்றன, நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நல்ல கச்சேரியில் ஒருவர் ஒரு ஒலியை வைத்ததும் மற்ற மூன்று பேரின் வாசிப்பும் கொஞ்சம் திசை மாறும். அந்தத் திருப்பத்தைக் கேட்கத்தான் நான் போகிறேன்.

அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பல்லக்கு உற்சவத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ராத்திரி தெருமுனையில் இரண்டு பல்லக்கு எதிரெதிரே வரும். ஒரு மேளத்தில் கல்யாணி, இன்னொன்றில் சண்முகப்பிரியா, சுருதியும் அரைக்கட்டை வித்தியாசம். இரண்டு தவிலும் வேறு வேறு நடையில் ஓடும். நெருங்க நெருங்க, ஒரு தவில்காரர் அடுத்தவருடைய நடைக்கு நடுவில் ஒரு அடியைச் சொருகுவார். அவர் திரும்பிப் பார்ப்பார், ஒரு தீர்மானம் (முடிப்பு ஜதி) வைத்துப் பதில் சொல்வார். அரை நிமிஷம்தான், அதற்குள் பல்லக்குகள் ஒன்றையொன்று தாண்டிவிடும். எட்டு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்புதான் இன்றும் என்னை இந்தக் கச்சேரிகளுக்கு இழுத்துப்போகிறது.

நம்முடைய மனோதர்மமும் (கச்சேரியில் அந்த நேரக் கற்பனையில் பாடுவது) இதுவும் ஒன்றுதானா?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். “நாங்க முன்னூறு வருஷமா பண்றதுதானே” என்று ஒரு பக்கம் சொல்கிறோம். “ராகமே இல்லையே, இது என்ன சங்கீதம்” என்று இன்னொரு பக்கம் எழுந்து போய்விடுகிறோம்.

தோடி ஆலாபனை செய்பவர் எதையும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. ஆனால் தோடி என்று எடுத்தால் தோடிக்குள்தான். எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எந்த இடத்தில் எப்படி அசைக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. கூடவே தம்புரா ஸட்ஜத்தை, அதாவது ஆதார ‘ஸ’வை, சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் வீடு எங்கே என்று காதுக்குத் தெரியும்.

இம்ப்ரோவில் அந்த வீட்டைக் கட்டுவதே வாசிப்பவர்களின் வேலை. சில சமயம் கட்டவே மாட்டார்கள். அதனால்தான் இந்த மேடையில் ஒரு சுருதிப் பெட்டியைப் போட்டால் பெரிய விளைவு உண்டாகும். அதுவரை சமமாக இருந்த ஒலிகள் எல்லாம் ஸட்ஜத்துக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்குக்குள் விழுந்துவிடும். யார் என்ன வாசித்தாலும் ஏதோ ஒரு ராகத்தின் சாயலாகக் கேட்க ஆரம்பிக்கும். அந்தப் பெட்டி கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கு இருக்கும் பலம் தெரிந்தவர்கள் அதை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையே ஒரு வாசிப்பாக வைத்துக்கொள்கிறார்கள்.

லயத்திலும் இதே கதைதான். மிருதங்கம் ஒரு கோர்வையை எடுத்தால், அது மூன்று முறை வந்து சமத்திலோ (தாளம் தொடங்கும் இடம்) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) விழும் என்று நமக்குத் தெரியும். கேட்பவர் விரலை மடக்கிக்கொண்டு காத்திருப்பார். இம்ப்ரோவ் மேடையில் அது கூட வாசிப்பவர்களுக்கு ஒரு உத்தரவாக மாறிவிடும்: ‘இதோ நான் முடிக்கிறேன், நீங்களும் முடியுங்கள்.’ கர்நாடகப் பயிற்சியோடு இந்தப் பக்கம் வரும் லய வித்வான்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். மூன்றாவது முறையை முடிக்காமல் திறந்து விடுவார்கள். அல்லது இரண்டாவதோடு நிறுத்தி, மூன்றாவதை வேறு யாராவது எடுக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பேஸ் கிட்டார்காரர் அதை எடுத்து, தப்பான இடத்தில் முடித்து, அந்தத் தப்பான இடமே புதிய சமமாகிவிட்ட ஒரு மாலையை என்னால் மறக்க முடியாது.

ஆகவே நம்ம காது இதற்குப் பாதி தயார். இரண்டரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்து, ஒரு சின்னப் பிடி எப்படி வளர்கிறது என்று தொடர்ந்து கேட்கும் பழக்கம் சபா ரசிகருக்கு இருக்கிறது. மிச்சப் பாதிக்குத்தான் பழக வேண்டும்: உட்கார்ந்ததும் ‘என்ன ராகம்’ என்று தேடுவதை விட்டுவிட்டு, ‘யார் யாரைக் கேட்கிறார்கள்’ என்று பார்க்க வேண்டும்.

இது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கியதா? பெங்களூருவுக்கு இதில் சொந்தக் கதை உண்டா?

உண்டு, அதுவும் தாளத்தின் வழியாக.

மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-இல் இங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியப் பள்ளியைத் தொடங்கினார். அவரும் அவர் மனைவி, பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அந்தப் பள்ளியை ஐரோப்பிய ஜாஸ்காரர்கள் தேடி வரும் இடமாக ஆக்கினார்கள். 1970-களின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து எம்ப்ரியோ என்ற குழு ஒரு பஸ்ஸில் தரைவழியாகவே இந்தியா வந்தது. பிறகு இந்தப் பள்ளியோடு சேர்ந்து ஒரு தட்டும் வெளியிட்டது. அந்தப் பயணத்தில் இருந்த சிலர் பிரிந்து டிஸ்ஸிடென்டன் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களும் இதே பள்ளியோடு தட்டு போட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் சார்லி மரியானோ. 1923-இல் பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர். 1963-இல் ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற பதிவு ஒன்றில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் உலகத்தில் அதற்குமேல் நிரூபிக்க எதுவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1960-களில் மலேசியாவில் இருந்தபோது நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, கற்கத் தொடங்கினார். பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து கற்றார். சாக்ஸபோனுக்கு ஒற்றை நாணல், ஊதுகுழாயோடு கட்டியிருக்கும். நாகஸ்வரத்தின் சீவாளியோ (ஊதும் நாணல்) உதட்டுக்கு நடுவில் சுதந்திரமாக நிற்பது. உதடு கொஞ்சம் அசைந்தாலும் ஸ்வரம் நகரும். நாற்பது வயதுக்குமேல் ஒருவர் தன் உதட்டை மறுபடி பழக்குவது என்றால் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! மேடையிலும் பதிவுகளிலும் அவர் நாகஸ்வரம் வாசித்திருக்கிறார்.

1983-இல் மரியானோவும் பெங்களூரு பள்ளியும் சேர்ந்து வாசித்த ‘ஜ்யோதி’ என்ற தட்டு ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்திலிருந்து வந்தது. ரமாமணியின் குரல், மணியின் மிருதங்கம், கடம், கஞ்சிரா, வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோல், மரியானோவின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும். கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது, டிரம்ஸ் செட் கிடையாது. இது முழுக்கக் கட்டற்ற இசை கிடையாது. ராகமும் தாளமும் தெளிவாகவே இருக்கும். ஆனால் ஒருவர் மற்றவருக்கு இடம் விடும் விதம் இருக்கிறதே, இந்த ஊரின் இம்ப்ரோவ் முழுவதற்கும் அதுதான் அஸ்திவாரம் என்று நான் நினைக்கிறேன்.

கதரி கோபால்நாத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாகஸ்வரக்காரரின் மகனாக 1949-இல் மங்களூரு பக்கம் பிறந்து, மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்று, சாக்ஸபோனைக் கர்நாடகக் கச்சேரி வாத்தியமாகவே ஆக்கிவிட்டவர். அவர் வாசித்தது சுத்தக் கர்நாடக சங்கீதம். ஆனால் கர்நாடகாவைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா அவரைத் தேடி வந்தார். இரண்டு ஆல்டோ சாக்ஸபோனும் எதிரெதிரே நிற்கும் அவர்கள் தட்டு 2008-இல் வெளியானது. அதில் ஏ. கன்யாகுமாரியின் வயலினும் உண்டு.

ஃபியூஷன் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

என் அபிப்பிராயத்தில் இல்லை. பெரும்பாலான ஃபியூஷன் மேடைகளில் எல்லாம் ரிகர்சல் செய்யப்பட்டது. கீபோர்டு பதினாறு தாளச் சுற்று, வயலின் பதினாறு தாளச் சுற்று, அப்புறம் டிரம்ஸும் மிருதங்கமும் மாறி மாறிக் கேள்வி பதில், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேகமான முடிவு. கூட்டம் எழுந்து கைதட்டும். திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயலின்காரருக்கு அன்று காய்ச்சல் வந்து வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் டிரம்ஸ் வாசிப்பு மாறியிருக்குமா? மாறாது என்றால் அது இம்ப்ரோவ் கிடையாது. நான் எப்போதும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்ப்பேன்.

எங்கே கேட்கலாம்?

இந்திராநகர் சி.எம்.எச். சாலையில் இருக்கும் ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியிலிருந்து வரும் கலைஞர்களை இங்கே தங்கவைக்கும் ரெசிடென்ஸி திட்டம் ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். அதில் ஒலிக் கலைஞர்களும் இசைக்காரர்களும் வருவதுண்டு. போவதற்குமுன் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஏதாவது வாசித்துவிட்டுத்தான் போவார்கள். வசந்த் நகரில் இருக்கும் பிரெஞ்சு மையமான அலையான்ஸ் பிரான்சேஸ், டொம்லூர் பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டர் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் மாதம் ஒரு தடவை பார்த்துவையுங்கள். சாந்தி நகரில் ‘1 சாந்தி ரோடு’ என்ற கலைக்கூடம் வீடு மாதிரி இருக்கும். ஓவியக் கண்காட்சியோடு சேர்ந்து ஒலி நிகழ்ச்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. வொயிட்ஃபீல்ட் விண்ட்மில்ஸில் ஒழுங்கான மேடையும் நல்ல சவுண்டும் உண்டு. அங்கே பெரும்பாலும் மெட்டோடு கூடிய ஜாஸ்தான், ஆனால் ஜாஸை முதல் முறை நேரில் கேட்க அதைவிடச் சௌகரியமான இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

நடன நிகழ்ச்சிகளையும் விட்டுவிடாதீர்கள். தற்கால நடனக்காரர்களுக்குக் கூடவே உட்கார்ந்து உடனுக்குடன் வாசிக்கும் இசைக்காரர்கள் வேண்டும். சென்னையில் சாக்ஸபோன் வாசிக்கும் மார்ட்டன் விஸ்ஸர், பத்மினி செட்டூரின் நடனங்களுக்கு வருஷக்கணக்காக இசையமைத்தது இதற்கு நல்ல உதாரணம்.

மிச்சமெல்லாம் வீட்டுக் கூடங்களும் மொட்டை மாடிகளும்தான். வாய்வழியாகத்தான் தெரியும். ஒரு கச்சேரிக்குப் போனால் அங்கேயே அடுத்ததைச் சொல்லிவிடுவார்கள்.

பெங்களூருதான் பப் ஊராயிற்றே, பப்களில் ஏன் இது அதிகம் இல்லை?

இரண்டு காரணம். முதலாவது சட்டம். பொதுக் கேளிக்கை நடக்கும் இடங்களுக்கு போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்று 2005-இல் வந்த பெங்களூரு ஆணையை 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்தது. அந்த வருஷம் இந்திராநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. லைசென்ஸுக்கு வேண்டிய சான்றிதழ்கள் சின்ன இடங்களால் வாங்க முடியாதவை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற தேசிய விதி 2000-இலிருந்தே இருக்கிறது. அதில் எனக்கு முழுச் சம்மதம்தான், கைக்குழந்தை இருக்கும் வீடுகள் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், பப்பில் ஆட்கள் பேசுவார்கள். ஒருமுறை ஒரு பப்பில் எங்கள் நண்பர்கள் மூன்று பேர் வாசித்தார்கள். வயலினின் வில்லைத் தந்தியில் படாத அளவுக்கு மெல்ல இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், முன் மேஜையில் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் வந்தது அதற்குத்தான். பேசியிருந்த பணத்தில் பாதியைக் கொடுக்க முதலாளி நாலு மாதம் இழுத்தடித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கச்சேரியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எப்போது கைதட்டுவது?

முடிந்தபிறகு கைதட்டலாம். முடிந்ததா என்று சந்தேகமாக இருந்தால் வாசிப்பவர்களின் தோளைப் பாருங்கள், தளர்ந்துவிட்டால் முடிந்தது. ‘பலே’ சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். போனை சைலன்ட்டில் போடுங்கள். நடுவில் எழுந்து போகலாம், ஆனால் நாற்காலியை இழுக்காதீர்கள். இழுத்தால் சில சமயம் அதற்கும் டபுள் பேஸ்காரர் பதில் சொல்லிவிடுவார்.

நிஜமாகவே. காக்ஸ் டவுனில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சாக்ஸபோன், மிருதங்கம், லேப்டாப், மூன்று பேர். இருபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் ஆனதும் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்காரரின் ஸ்பீக்கர் செத்துவிட்டது. பக்கத்து அறையில் பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று ‘பீ’ என்று கத்த ஆரம்பித்தது. அஞ்சாறு வினாடிக்கு ஒரு தடவை ஒரு கத்தல். வீட்டுக்காரர் அணைக்க எழுந்தார். சாக்ஸபோன்காரர் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, அந்தப் ‘பீ’யின் சுருதியை எடுத்துக்கொண்டார். அதே சுருதியில்லை, ஒரு மயிரிழை கீழே. அதனால் இரண்டும் சேரும்போதெல்லாம் காற்றில் ஒரு அதிர்வு எழுந்தது. மிருதங்கக்காரர் மூன்று ‘பீ’ வரை வாசிக்காமல் விரலால் தொடையில் எண்ணினார். பிறகு அந்த இடைவெளியையே ஒரு ஆவர்த்தனமாக (தாளச் சுற்றாக) வைத்துக்கொண்டு மெல்ல வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ‘பீ’யும் சமத்தில் வந்து விழுந்தது. நடுவில் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கத் தோல்) ஒட்டியிருந்த ரவையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். இடது பக்கம் கும்மென்ற நாதம் போய், வறண்ட அட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. லேப்டாப்காரர் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்துவிட்டது. யூபிஎஸ் நின்றுவிட்டது. அவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. ‘பீ’ வர வேண்டிய இடம் வந்ததும் மூன்று பேரும் கையை எடுத்தார்கள், அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி காலி. ஏழெட்டுச் சுற்று அப்படியே போனது. இருபது பேரும் வராத ஒரு சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. நடத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கதவுப் பக்கம் உட்காருங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது சீக்கிரம் பிடிக்கிறது. ஜே.பி. நகரில் இருக்கும் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்தில் தட்டிப் பார்க்க ஒலித் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

நான் மிருதங்கம் கற்கிறேன். இதில் சேரலாமா? வாத்தியார் கோபித்துக்கொள்வாரா?

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வாசிச்சவனுக்குக் கணக்கு தெரியுமா?” தெரியும் என்றேன். “அப்ப சரி. தெரிஞ்சவன் விட்டுட்டு வாசிக்கலாம், அவனுக்கு எதை விடறோம்னு தெரியும்.” அடுத்த பாடத்தை எடுத்துவிட்டார். எல்லா வாத்தியார்களும் இப்படி இருக்க மாட்டார்கள். அரங்கேற்றத்துக்குத் தயாராகும் வருஷத்தில் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பது என் யோசனை.

சேருவது என்றால் வாத்தியத்தோடு போய், முதல் இரண்டு தடவை கேட்க மட்டும் செய்யுங்கள். மூன்றாவது தடவை உட்காரும்போது உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: இன்று தொப்பி மட்டும், அல்லது இன்று தாளச் சொல் எதுவும் கிடையாது, நாதம் மட்டும். வேகத்தைக் காட்டும் ஆசைதான் பெரிய எதிரி. லயத்தில் பயிற்சி உள்ளவர்கள் உள்ளே வந்ததும் மற்றவர்கள் பயந்து ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது சங்கீதத்துக்கு நல்லதில்லை.

தமிழ்க்காரர்கள் இதில் இருக்கிறார்களா?

உலகத்தின் பெரிய பெயர்களில் ஒருவரே நம்மவர்தான். விஜய் ஐயர், தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பியானோவை யாரிடமும் முறையாகக் கற்காமல் தானே பழகியவர். இசையை உடம்பு எப்படி உணர்கிறது என்பதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். 2013-இல் மக்ஆர்தர் விருது பெற்று, பிறகு ஹார்வர்டில் பேராசிரியரானார். ராணிப்பேட்டையில் வளர்ந்து கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவோடும், தபலா கலைஞர் நிதின் மிட்டாவோடும் அவர் போட்ட ‘தீர்த்தா’ என்ற தட்டு 2011-இல் வந்தது.

மும்பை, டெல்லியோடு ஒப்பிட்டால்?

பழம்பெருமையில் மும்பைக்குப் பக்கத்தில்கூட நாம் வர முடியாது. 1930-களிலேயே தாஜ் ஹோட்டலில் கறுப்பின அமெரிக்கர்கள் ஜாஸ் வாசித்த ஊர். 1978-இல் நிரஞ்சன் ஜவேரி அங்கே தொடங்கிய ஜாஸ் யாத்ரா விழாவுக்கு அமெரிக்க சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸே வந்தார். டெல்லியில் ஜாஸுக்கென்றே கிளப் இருக்கிறது. பெங்களூருவின் பலம் கொன்னக்கோல். ஐரோப்பாவிலிருந்து வரும் டிரம்ஸ்காரர்கள் இங்கே மாதக்கணக்கில் தங்கி, காலையில் ‘தகதிமி’ சொல்லப் பழகி, ராத்திரி கச்சேரியில் வாசிக்கிறார்கள். அந்தப் போக்குவரத்து வேறு எந்த ஊரிலும் இந்த அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

வீட்டில் எதைக் கேட்டுத் தொடங்குவது?

முதலில் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. ராகம் என்று நினைக்காமல், ஒரு மனிதன் ஒரு மூச்சை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறான் என்று கேளுங்கள். பிறகு ‘ஜ்யோதி’. அடுத்து சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் டிரம்ஸ்காரர் ரஷீத் அலியும் 1967-இல் இரண்டே பேராக வாசித்த பதிவு. நாகஸ்வரமும் தவிலும் தனியாக நின்று பேசுகிற மாதிரியே இருக்கும், நம்ம காதுக்கு உடனே பிடிபடும். ஆர்னெட் கோல்மனின் எட்டுப் பேரைக் கடைசியில் வையுங்கள். ஹெட்போனில் கேட்டால் இடது, வலது நன்றாகப் பிரிந்து தெரியும். சமைத்துக்கொண்டே கேட்க இது உதவாது.

டிக்கெட் எவ்வளவு? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

கலாசார மையங்களில் பெரும்பாலும் இலவசம். நான் போகும் வீட்டுக் கச்சேரிகளில் 300 முதல் 500 ரூபாய் வரை வாங்குவார்கள், அல்லது வாசலில் ஒரு டப்பா இருக்கும். அதை வாசித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆட்டோ காசுக்குமேல் கொஞ்சம் தேறும். எல்லோரும் பாடம் சொல்லிக்கொடுத்தோ, ரெகார்டிங்குக்குப் போயோ, கம்பெனி விழாக்களில் வாசித்தோதான் வீட்டு வாடகை கட்டுகிறார்கள். டப்பாவில் போடும்போது ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் என்ன விலை என்று நினைத்துக்கொண்டு போடுங்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று நடத்தலாமா?

நடத்துங்கள். மேலே, கீழே, பக்கத்து வீடுகளுக்கு ரெண்டு நாள் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், வரச்சொல்லிக் கூப்பிடுங்கள். மைக் வேண்டாம். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். மின்விசிறிச் சத்தம் எவ்வளவு என்று முதல் நாளே அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கூடத்தில் இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அணைத்துவையுங்கள், மறுபடி போட மறந்துவிடாதீர்கள். டிரம்ஸ் வருகிறது என்றால் டைல்ஸ் தரையில் பாஸ் டிரம் முன்னால் நழுவிக்கொண்டே போகும். கீழே பழைய ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, அதன் முனையில் வாசிப்பவர் உட்காரும் ஸ்டூலின் கால் ஏறியிருக்கும்படி வையுங்கள்.